குலுக்கை நிறைந்த பிறகு: வேட்டை வாழ்க்கையிலிருந்து முதல் நகரங்கள் வரை

எங்கள் பள்ளிப் பிள்ளைகளைத் தாமிரபரணிக் கரையில் உள்ள ஆதிச்சநல்லூர்ப் பறம்புக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். கண்ணாடிக்குக் கீழே, குழியில் இருந்தபடியே, இறந்தவர்களை வைத்துப் புதைத்த பழங்காலத்துத் தாழிகள். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் ரொம்ப நேரம் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டான்: “சார், மொதல்ல குரங்கு, பொறவு குகை மனுசன், பொறவு விவசாயம், பொறவு இது. அப்படித்தான சார்?” பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் அவனைத் திருத்தினார்: “இது பத்தாயிரம் வருசத்து நாகரிகம்லா தம்பி. உலகத்துக்கே மொத நாகரிகம் இதுதான்.”

இரண்டு பேருமே ஆசையோடுதான் பேசினார்கள். ஆனால் இரண்டு பேச்சிலும் பிழை இருக்கிறது. பையன் மனித வரலாற்றை ஒரு படிக்கட்டாக நினைக்கிறான். ஒவ்வொரு படியிலும் மனிதன் கொஞ்சம் புத்திசாலி ஆகிறான். பெரியவர் பழமையும் நாகரிகமும் ஒன்றே என்று நினைக்கிறார். டீக்கடையில், கல்யாண வீட்டில், வாட்ஸ்அப்பில் எங்கே பார்த்தாலும் இந்த இரண்டு எண்ணமும்தான் சுற்றி வருகின்றன. அன்றைக்கு பஸ்ஸில் திரும்பும்போது பிள்ளைகளுக்குச் சொல்லத் தொடங்கியதைத்தான் இங்கே முழுசாக எழுதுகிறேன்.

ஆற்றோடு நடந்து பார்த்தால்

முதலில் காலத்தின் அளவு மனசில் நிற்க வேண்டும். வெறும் எண்களாகச் சொன்னால் நிற்காது.

பொருநை என்றும் சொல்கிற தாமிரபரணி பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைச் சேர 128 கிலோமீட்டர் ஓடுகிறது. நம் இனத்து மனிதர்கள் தோன்றி ஏறக்குறைய 3 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. அவர்களுக்கு அறிவியல் வைத்த பெயர் ஹோமோ சேப்பியன்ஸ். மொரோக்கோ நாட்டில் ஜெபல் இர்ஹூத் என்ற இடத்தில் கிடைத்த எலும்புகள் அந்த வயதைக் காட்டுகின்றன. அந்த 3 லட்சம் ஆண்டுகளை ஆற்றின் நீளத்தோடு பொருத்திப் பாருங்கள். பொதிகை உச்சியில் மனிதன் பிறக்கிறான். பாபநாசம், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் எல்லாம் தாண்டுகிறான். அதுவரைக்கும் வேட்டையும், மீன்பிடிப்பும், கிழங்கு அகழ்வதும், காய்கனி பறிப்பதும்தான் பிழைப்பு. ஏரலையும் தாண்டி, கடலுக்கு 5 கிலோமீட்டர் இருக்கும்போதுதான் உலகில் எங்கோ ஓரிடத்தில் முதல் விதை வேண்டுமென்றே தூவப்படுகிறது. முதல் நகரங்களும் எழுத்தும் வரும்போது கடலுக்கு இரண்டே கால் கிலோமீட்டர்தான் பாக்கி. ஆதிச்சநல்லூர்த் தாழிகளில் காலம் கணிக்கப்பட்டவை, கடலோசை கேட்கிற ஒன்றே கால் கிலோமீட்டர் தூரத்தில் வருகின்றன.

குரங்கு விஷயத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். இன்றைக்குக் குற்றாலத்தில் நம் கையிலிருந்து பழத்தைப் பறிக்கிற குரங்கிலிருந்து மனிதன் வரவில்லை. அதற்கும் நமக்கும் பல லட்சம் தலைமுறைக்கு முன்னால் ஒரே மூதாதை இருந்தது, பங்காளி உறவு. நமக்கு முன்னால் வேறு மனித இனங்களும் இருந்தன. சென்னைக்கு வடமேற்கே அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கல் கோடாலிகளின் வயது ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள். அவற்றைச் செய்தவர்கள் நம் இனம் அல்ல. நமக்கு மூத்த மனிதர்கள்.

சுருக்கமாக: வேட்டையாடி உணவு தேடியதுதான் மனித வாழ்க்கையின் பெரும்பகுதி. விவசாயமும் நகரமும் கடைசிச் சில கிலோமீட்டரில் வந்தவை.

தேரி மணலில் கிடக்கும் கற்கள்

திருச்செந்தூர் பக்கம் போகிறவர்களுக்குத் தேரி தெரியும். செக்கச் சிவந்த மணல்மேடு, நடுவே பனைகள். குதிரைமொழித் தேரியில் மத்தியான வெயிலில் நடந்தால் செருப்பையும் மீறிச் சுடும். மெஞ்ஞானபுரம், சாயர்புரம் பக்கத்துத் தேரிகளில் விரல்நகம் அளவே உள்ள கல் சில்லுகள் கிடைத்திருக்கின்றன. சாய்னர், பிரிட்ஜெட் ஆல்சின் என்ற இரண்டு தொல்லியலாளர்கள் 1956ல் இவற்றைப் பற்றி விரிவாக எழுதினார்கள். இவற்றுக்கு நுண்கற்கருவிகள் என்று பெயர்: வெண்கல்லையும் சிக்கிமுக்கிக் கல் வகையையும் நுணுக்கமாகத் தட்டி உடைத்துச் செய்த சின்னஞ்சிறு கருவிகள்.

இவ்வளவு சின்னக் கல்லை வைத்து என்ன செய்ய முடியும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். பன்னரிவாளைப் பாருங்கள். கதிர் அறுக்கிற அந்த அரிவாளில் வரிசையாகப் பல் இருக்கும். ஒரு மரப்பிடியிலோ எலும்பிலோ காடி வெட்டி, அதில் இந்தச் சில்லுகளை வரிசையாகப் பதித்து, மரப்பிசினை ஊற்றி ஒட்டவைத்தால் அதுதான் கற்காலத்துப் பன்னரிவாள். ஒரு பல் உடைந்தால் அதை மட்டும் பிடுங்கிவிட்டு வேறொன்றைச் செருகலாம். அம்பு நுனியில் இரண்டு சில்லு வைத்தால் மானின் தோலைக் கிழிக்கும். எந்தக் கல் எப்படி உடையும், எந்தப் பிசின் சூட்டில் இளகும், எந்த மரம் பிளக்காது என்பதெல்லாம் தெரியாமல் இதைச் செய்ய முடியாது.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ‘ஒன்றும் தெரியாத காட்டுமிராண்டி’ என்ற படம் நம் தலையில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. தேரியில் அந்தச் சில்லைத் தட்டியவருக்கும் இன்றைக்கு என் வகுப்பில் கணக்குப் போடுகிற பிள்ளைக்கும் மூளையில் ஒரு வித்தியாசமும் இல்லை. மூளை அப்படியே இருக்க, வாழ்கிற முறை மட்டும் எப்படி மாறியது என்பதுதான் விளக்க வேண்டிய கேள்வி.

எள்ளுக்காய் சொல்லும் பாடம்

எள் பயிரிட்டவர்களுக்கு ஒரு பயம் தெரியும். காய் முற்றிக் காய்ந்தால் வாய் பிளந்துவிடும். ஒரு காற்று அடித்தால் போதும், எள்ளெல்லாம் தரையில். அதனால் கொஞ்சம் பச்சை இருக்கும்போதே அறுத்து, கட்டி, அடுக்கி வைத்து, பிறகு தலைகீழாகப் பிடித்துத் தட்டுவார்கள்.

செடியின் பக்கம் நின்று பார்த்தால் உதிர்வதுதான் நியாயம். உதிர்ந்தால்தானே அடுத்த தலைமுறை முளைக்கும்? காட்டுக் கோதுமையும் காட்டு நெல்லும் அப்படித்தான், முற்றியதும் கதிரிலிருந்து உதிர்ந்துவிடும். ஆனால் அபூர்வமாக ஏதோ ஒன்றிரண்டு செடி பிறவிக் கோளாறாக உதிராமல் மணியைப் பிடித்துக்கொண்டே நிற்கும். காட்டில் அந்தச் செடிக்கு வம்சம் இல்லை.

இப்போது மனிதர்கள் கல் அரிவாளோடு வருகிறார்கள். உதிர்ந்த மணிகள் மண்ணோடு போய்விட்டன. கதிரில் நிற்பவை மட்டும் கட்டோடு கட்டாக வீட்டுக்கு வருகின்றன. அவற்றில் உதிராத ரகம் கொஞ்சம் கூடுதல். அதில் ஒரு பங்கை அடுத்த பருவத்தில் விதைக்கிறார்கள். மறுபடியும் அறுவடை, மறுபடியும் அதே வடிகட்டல். யாரும் திட்டமிடவில்லை. ஆனாலும் ஒவ்வொரு விதைப்பிலும் உதிராத ரகம் ஏறிக்கொண்டே போகிறது. கடைசியில் மனிதன் அடித்து உதிர்த்து விதைத்தால் மட்டுமே பிழைக்கக்கூடிய செடியாக அது மாறிவிடுகிறது. காட்டு உயிர் இப்படித் தலைமுறை தலைமுறையாக மாறி மனிதனோடு ஒட்டிக்கொள்வதைத்தான் பழக்கப்படுத்துதல் என்கிறார்கள். இது ஒரு நாளில் யாரோ ஒருவர் கண்டுபிடித்த விஷயம் இல்லை. மேற்காசியக் கோதுமையில் இந்த மாற்றம் முழுமையாக 2,000 முதல் 3,000 ஆண்டுகள் எடுத்திருக்கிறது.

ஒரே இடத்தில் தொடங்கி உலகம் முழுக்கப் பரவியதும் இல்லை. மேற்காசியாவில் கோதுமை, வாற்கோதுமை. சீனாவின் யாங்சி ஆற்றுப் பக்கம் நெல். மெக்சிகோவில் ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன் மக்காச்சோளம். நியூகினியில் வாழையும் சேம்பும். ஒருவரை ஒருவர் அறியாமலே தனித்தனியாகச் செய்திருக்கிறார்கள். தென்னிந்தியாவுக்கும் இதில் சொந்தப் பங்கு உண்டு. கர்நாடகப் பக்கம் 4,000, 5,000 ஆண்டுகளுக்கு முன் மாடு வளர்த்தவர்கள் சிறுதானியங்களையும், பாசிப்பயறையும், நாம் காணம் என்று சொல்கிற கொள்ளையும் விதைத்தார்கள். அவர்கள் மாட்டுக்கிடை போட்ட இடத்தில் சாணம் மலையாகக் குவிந்து, அதைத் திரும்பத் திரும்ப எரித்ததில் உண்டான சாம்பல் மேடுகள் இன்றும் நிற்கின்றன. கிடை போட்ட கரிசல் காட்டைப் பார்த்தவர்களுக்கு அந்த மேடு எப்படி வந்திருக்கும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை.

உணவைத் தேடிப் போவதிலிருந்து உணவை விளைவிப்பதற்கு மாறிய இந்தக் காலத்தைப் புதிய கற்காலம் என்பார்கள். கோர்டன் சைல்ட் என்ற தொல்லியலாளர் இதற்குப் ‘புதிய கற்காலப் புரட்சி’ என்று பெயர் வைத்தார். அந்தப் ‘புரட்சி’ என்ற சொல்தான் பலரைக் குழப்பிவிட்டது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஊர்ந்து வந்த மாற்றம் அது.

விதைத்ததால் தங்கினார்களா?

பாடத்தில் நாம் படித்த வரிசை இது: விவசாயம் வந்தது, அதனால் ஓரிடத்தில் தங்கினார்கள். மண்ணில் கிடைக்கிற சான்று பல இடங்களில் இதைத் தலைகீழாகக் காட்டுகிறது.

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் பூமி கடும் குளிரில் இருந்தது. நீரெல்லாம் பனியாக உறைந்ததால் கடல் இன்றைக்கு இருப்பதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. ராமேஸ்வரத்திலிருந்து இலங்கைக்கு அன்று நடந்தே போயிருக்கலாம். அப்புறம் பனி உருகியது. ஏறத்தாழ 11,700 ஆண்டுகளுக்கு முன்னிருந்து வெப்பமும் மழையும் ஓரளவு நிலையாகின. மேற்காசிய மலைச்சரிவுகளில் காட்டுக் கோதுமை வயல் போலவே மண்டியது.

எவ்வளவு மண்டியிருக்கும்? 1960களில் ஜாக் ஹார்லன் என்ற அமெரிக்கப் பயிரியல் அறிஞர் துருக்கியில் காட்டுக் கோதுமை நின்ற சரிவில் கல் அரிவாளை எடுத்துக்கொண்டு இறங்கினார். ஒரு மணி நேரம் அறுத்ததில் ஒரு கிலோ சுத்தமான தானியத்துக்குச் சமமாகக் கிடைத்தது. மூன்று வாரம் உழைத்தால் ஒரு குடும்பம் வருஷம் முழுக்கத் தின்பதற்கும் மேலே சேர்த்துவிடலாம் என்று கணக்குச் சொன்னார்.

இப்போது யோசியுங்கள். மூன்று வாரத்தில் ஒரு வருஷத்துத் தானியம் சேர்ந்துவிட்டது. அதைத் தலையில் தூக்கிக்கொண்டு மான் பின்னால் அலைய முடியுமா? அம்பாரத்தை விட்டுவிட்டுப் போகத்தான் மனசு வருமா? விதைக்கத் தொடங்குவதற்கு வெகு முன்னாலேயே மேற்காசியாவில் சிலர் வட்ட வட்டமாக வீடு கட்டி, அம்மி போன்ற அரைகல்லோடு ஒரே இடத்தில் வருஷத்தின் பெரும்பகுதி தங்கியிருக்கிறார்கள். துருக்கியின் கோபெக்லி தெபேயில் கிட்டத்தட்ட கி.மு. 9500ல் வேட்டைச் சமூகத்தார் ஆள் உயரத்தைப் போல மூன்று பங்கு உயரமுள்ள கல்தூண்களைச் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். பெரிய கட்டுமானத்துக்கு அரசனும் வயலும் முதலில் வேண்டும் என்ற எண்ணத்தை அந்த ஒரு இடமே அசைத்துவிட்டது.

சுருக்கமாக: தங்குவது, சேர்ப்பது, விதைப்பது மூன்றும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வந்தன. எது முதல் என்பது இடத்துக்கு இடம் மாறும்.

இதற்கு ஒரு விலையும் இருந்தது

தொடக்ககால விவசாயிகளின் எலும்பைப் பார்த்தால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். பல இடங்களில் அவர்கள் தங்கள் வேட்டை மூதாதைகளைவிடக் குட்டை. பல் சொத்தை அதிகம், ஏனென்றால் நாள்தோறும் ஒரே மாவுப்பண்டம். திரும்பத் திரும்ப மண்டியிட்டு அரைத்ததில் பெண்களின் முட்டியும் முதுகும் தேய்ந்திருக்கின்றன. நெருக்கமான வீடு, ஓரிடத்தில் சேரும் கழிவு, கூடவே ஆடு மாடு; நோய்க்கு இதைவிடத் தோதான இடம் வேண்டியதில்லை.

அப்படியானால் ஏன் திரும்பிப் போகவில்லை? தங்கிய இடத்தில் பிள்ளைப்பேறு கூடியது. கைக்குழந்தையைச் சுமந்து அலைய வேண்டாம்; கஞ்சி காய்ச்சி ஊட்டிச் சீக்கிரம் பால்குடி மறக்க வைக்கலாம்; அடுத்த பிள்ளை முன்னதாகவே வரும். இரண்டு மூன்று தலைமுறையில் ஊரில் வாய்கள் பெருகிவிட்டன. அத்தனை வாய்க்கும் காடு சோறு போடாது. வயலை இன்னும் அகலப்படுத்துவதைத் தவிர வழியில்லை. முன்னேற வேண்டும் என்று முடிவெடுத்து யாரும் வரவில்லை. நடந்து வந்த பாதை பின்னால் மூடிக்கொண்டது, அவ்வளவுதான்.

ஆச்சி வீட்டுக் குலுக்கை

இனி வருவதுதான் இந்தக் கட்டுரையின் நடுமையம். வயல் எப்படி நகரமானது?

என் ஆச்சி வீட்டில் ஒரு குலுக்கை இருந்தது. மண்ணும் வைக்கோலும் குழைத்து உறை உறையாக அடுக்கி, சாணம் மெழுகியது. ஆள் உயரத்துக்கு மேல். உச்சியில் மூடி. அடியில் ஒரு கை நுழைகிற அளவுக்கு ஓட்டை, அதில் பழந்துணி அடைத்திருக்கும். துணியை உருவினால் நெல் சரசரவென்று இறங்கும். ஆச்சி படியை நீட்டிப் பிடித்து, தலைதட்டி அளந்து, மறுபடி துணியைத் திணித்துவிடுவாள். அந்தத் துணியைத் தொட எங்களுக்கு அனுமதி கிடையாது. விதை நெல் அதற்குள் போகாது. அதை வைக்கோலில் சுற்றிக் கோட்டை கட்டித் தனியாக வைத்திருப்பார்கள். வீட்டில் எவ்வளவு கஷ்டம் வந்தாலும் விதை நெல்லில் கை வைப்பது பாவம்.

அந்தக் குலுக்கையை வைத்தே முதல் நகரங்களைப் புரிந்துகொண்டுவிடலாம்.

கிழங்கை வேண்டும்போது தோண்டலாம், மண்ணுக்குள் இருக்கட்டும். மீனைப் பிடித்த அன்றே தின்றாக வேண்டும், அல்லது கருவாடு போட வேண்டும். தானியம் அப்படி இல்லை. ஒரே சமயத்தில் விளைந்து, ஒரே சமயத்தில் களத்துக்கு வருகிறது. காய்ந்தால் வருஷக்கணக்கில் கெடாது. அளக்கலாம், பிரிக்கலாம், மூட்டை கட்டி அனுப்பலாம். வீட்டார் தின்றது போக, விதைக்கு வைத்தது போக மிஞ்சுவதற்கு உபரி என்று பெயர். நாகரிகம் என்று நாம் சொல்வதெல்லாம் இந்த உபரியின் மேல்தான் எழுந்து நிற்கிறது.

உபரி வந்ததும் என்ன ஆனது என்பதையும் எங்கள் ஊர்க் களத்திலேயே பார்க்கலாம். அறுப்பு முடிந்ததும் கொல்லருக்கு, தச்சருக்கு, சலவை செய்பவருக்கு, முடிவெட்டுபவருக்கு என்று களத்திலேயே நெல் அளந்து கொடுப்பார்கள். கொல்லர் உழுவதில்லை, ஆனால் அவர் அடித்த கொழு இல்லாமல் உழவு இல்லை. ஒருவர் வளர்த்த உணவை இன்னொருவர் தின்று வேறொரு வேலையில் முழுநேரமும் கைதேர்வதற்குத் தொழில் பிரிவு என்று பெயர். நூறு வீடு உள்ள ஊரில் ஒரு கொல்லர் என்றால், பத்தாயிரம் வீட்டுக்கு நெல் வந்து சேர்கிற இடத்தில் குயவர், நெசவாளர், மணி கோப்பவர், பூசாரி, கணக்கர், காவலர் என்று தெருத் தெருவாக இருப்பார்கள். அந்த இடம்தான் நகரம்.

அதே களத்தில் இன்னொன்றும் நடந்தது, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். குனிந்து நட்டு, குனிந்து அறுத்தவர்களின் வீட்டில் குலுக்கை இல்லை. அவர்களுக்கு அன்றன்றைக்கு அளந்த கூலி. குலுக்கை எங்கள் வீட்டில் இருந்தது. கையில் எடுத்துப்போக முடிந்ததை மட்டும் வைத்துக்கொண்டு அலைந்த சமூகத்தில் ஒருவரிடம் நூறு பங்கும் இன்னொருவரிடம் ஒன்றுமில்லாமலும் இருப்பது கடினம். சேர்த்து வைக்க முடிந்த நாளிலிருந்து அது எளிதாகிவிட்டது. முதல் நகரங்களில் அடிமைகள் இருந்தார்கள். அந்த நகரங்களின் அழகைச் சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் நிச்சயமான எண்ணம்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. ‘வாய்க்கால் வெட்ட ஆள் திரட்ட வேண்டியிருந்தது, அதனால் அரசன் வந்தான்’ என்று ஒரு பழைய விளக்கம் உண்டு. பாதி உண்மை. தாமிரபரணியில் மருதூர், ஸ்ரீவைகுண்டம் போன்ற பெரிய அணைக்கட்டுகளுக்கு அதிகாரம் தேவைதான். ஆனால் ஒரு குளத்துத் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சவும், மடையில் சண்டை வந்தால் தீர்க்கவும், கோடையில் கால்வாய் தூர்வாரவும் ஊராரே போதும் என்று நம் கிராமங்கள் எத்தனையோ தலைமுறை காட்டியிருக்கின்றன. இன்றைய ஈராக் பக்கத்து மெசபடோமியாவிலும் தொடக்ககால வாய்க்கால்கள் சின்னவை, ஊரார் வெட்டியவை. தண்ணீர் மட்டுமே அரசை உண்டாக்கவில்லை; களஞ்சியத்தை யார் காக்கிறார், யார் அளந்து கொடுக்கிறார் என்பதும் சேர்ந்துதான் உண்டாக்கியது.

சுவரில் போட்ட கரிக்கோடு

ஆச்சி வீட்டு அடுப்படிச் சுவரில் கரிக்கோடுகள் இருக்கும். பால் வாங்கிய நாளுக்கு ஒரு கோடு. ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது; ஆனால் மாசக் கடைசியில் அந்தக் கோடுகளை வைத்துப் பால்காரரோடு காசுக் கணக்கைத் தீர்த்துவிடுவாள். பத்துக் கோடு மனசில் நிற்கும். ஊர் முழுக்க யார் எவ்வளவு அளந்தார், யாருக்கு எவ்வளவு பாக்கி என்பது மனசில் நிற்காது.

இன்றைய ஈராக்கின் தெற்கே ஊருக் என்ற நகரம் கி.மு. 3300 வாக்கில் பல்லாயிரம் பேர் வாழ்ந்த இடம். உலகின் மிகப் பழைய எழுத்து அங்கே ஈரக் களிமண் பலகைகளில் கிடைத்தது. அதில் என்ன எழுதியிருந்தது? கவிதை இல்லை, அரசன் புகழ் இல்லை. இத்தனை அளவை வாற்கோதுமை, இத்தனை ஆடு, இத்தனை குடம் பீர், இன்னாருக்கு இத்தனை படி. பெரும்பாலும் கணக்குதான். அதே நகரத்தில் அச்சில் அழுத்தியதுபோல ஒரே மாதிரியான முரட்டு மண்கிண்ணங்கள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. வேலையாட்களுக்குத் தானியம் அளந்து கொடுத்த கிண்ணங்கள் அவை என்பது பலருடைய கருத்து. ஆச்சியின் படியும் கரிக்கோடும் ஒரு நகரத்தின் அளவுக்குப் பெருத்தால் அதுதான் ஊருக். கவிதை பல நூற்றாண்டு கழித்து, கணக்குக்குப் பிறந்த எழுத்தில் ஏறி வந்தது.

அப்படியானால் நாகரிகம் என்பது எது?

இந்தச் சொல்லே நம்மைக் குழப்புகிறது. திருக்குறளில் நாகரிகம் என்பது கண்ணோட்டம், பிறர் மனம் நோகாத பண்பு. பேச்சு வழக்கில் நல்ல நடத்தை, புது மோஸ்தர். அதனால் ‘அவர்கள் நாகரிகம் அடையவில்லை’ என்றால் ‘அவர்கள் பண்பில்லாதவர்கள்’ என்று காதில் விழுகிறது. வரலாற்றில் அந்தப் பொருள் கிடையாது. வரலாற்றில் நாகரிகம் என்பது ஒரு வாழ்க்கை ஏற்பாட்டின் பெயர்: நகரங்கள் இருக்கும், உணவு விளைவிக்காத பலர் உபரியில் வாழ்வார்கள், தொலைதூர வணிகம், பொதுக் கட்டடம், பொதுவான அளவைகள், எல்லோரையும் கட்டுப்படுத்தும் ஒரு நிர்வாகம், பெரும்பாலும் ஒரு கணக்கு முறை இருக்கும்.

எல்லாமே எல்லா இடத்திலும் இருக்க வேண்டும் என்ற சட்டமும் இல்லை. கி.மு. 2600 முதல் 1900 வரை செழித்த சிந்துவெளி நகரங்களில் செங்கல் எங்கே எடுத்தாலும் 1:2:4 என்ற அதே விகிதம். எடைக்கற்கள் ஊருக்கு ஊர் ஒத்துப்போகின்றன. தெருவுக்குத் தெரு மூடிய வடிகால். ஆனால் அரண்மனை என்று அடித்துச் சொல்லக்கூடிய கட்டடம் எதுவும் இல்லை. தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் கரால் என்ற இடத்தில் பெரிய மேடைகளோடு நகரம் எழுந்தபோது மண்பானைகூடக் கிடையாது. அதே பக்கத்தில் பிற்காலத்தில் எழுந்த இன்காப் பேரரசு எழுத்தில்லாமல், கயிற்று முடிச்சுகளில் கணக்கு வைத்தது. பையன் சொன்ன படிக்கட்டு இங்கேதான் உடைகிறது.

சுருக்கமாக: உபரி, தொழில் பிரிவு, நகரம், கணக்கு இவை ஒன்றையொன்று தாங்கி நிற்கும் ஏற்பாடுதான் நாகரிகம். அது மனிதர்களின் தரத்தை அளக்கிற கோல் இல்லை.

பொருநைக் கரைக்குத் திரும்பினால்

இப்போது அந்தப் பெரியவர் சொன்னதைப் பார்க்கலாம். ஆதிச்சநல்லூரில் 1876ல் பெர்லினிலிருந்து வந்த யாகர் தோண்டினார். 1899 முதல் அலெக்சாண்டர் ரீ தோண்டினார். இரும்பு வாள்களும் ஈட்டிகளும், விலங்குருவம் வைத்த வெண்கல மூடிகளும், நெற்றியில் கட்டும் மெல்லிய தங்கப் பட்டங்களும், தாழிகளுக்குள் இருந்த கலங்களில் நெல் உமியும் கிடைத்தன. 2004ல் மத்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது எடுத்த மாதிரிகளின் காலம் கி.மு. 905, கி.மு. 696 என்று வந்தது. ஆற்றின் வடகரைப் பக்கம் சிவகளையில் ஒரு தாழியிலிருந்த நெல்லுக்குக் கி.மு. 1155. கொற்கையில் கிடைத்த கரிக்குக் கி.மு. 785. சிவகளை இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. உலகத் தொல்லியலாளர்கள் இதை இப்போது விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

‘பத்தாயிரம் வருஷம்’ என்பதற்கு இந்தக் கணிப்புகள் எதிலும் இடம் இல்லை. அதைச் சொல்வதால் நம் ஊருக்குப் பெருமை குறைந்துவிடாது. இரும்பு எவ்வளவு பழையதாக இருந்தாலும் இரும்பு மட்டும் நகரத்தின் சாட்சி ஆகாது. சிந்துவெளியார் செம்பையும் வெண்கலத்தையும் வைத்தே அவ்வளவு பெரிய நகரங்களைக் கட்டினார்கள். இரும்பு உருக்கிய கிராமங்களும் உலகில் உண்டு. இரும்பின் வயதைக் கேட்கிற அதே ஆசையோடு நாம் வேறு சில கேள்விகளையும் கேட்க வேண்டும்: இத்தனை தாழிகளில் அடங்கியவர்கள் எங்கே குடியிருந்தார்கள்? அவர்களின் நெல் எதில் இருந்தது? தங்கத்தைத் தகடாகத் தட்டியவருக்கு யார் அளந்து போட்டார்? கொற்கையில் குவிந்து கிடந்த முத்துச் சிப்பிகளை எண்ணியது யார்? வள்ளியூர் பக்கம் நம்பியாற்றுக் கரையில் துலுக்கர்பட்டியில் கிடைத்த பானை ஓடுகளில் கீறிய குறிகள் எதைக் குறித்தன? அகழாய்வுக் குழிகள் இப்போது புதைகாட்டைத் தாண்டிக் குடியிருப்பு மேடுகளை நோக்கி நகர்வது இதற்காகத்தான்.

அன்றைக்கு வேலியோரம் நின்றுகொண்டு அந்தப் பையனிடம் கேட்டேன், “தாழியை ஏன்ல இந்தப் பறம்புல கொண்டு வந்து வச்சிருக்காங்க?” அவன் காலால் தரையைத் தட்டிப் பார்த்தான். பரல்கல்லும் பாறையும், மண்வெட்டி இறங்காது. அப்புறம் தலையைத் தூக்கி ஆற்றுப் பக்கம் பார்த்தான். கீழே பிசான நெல் பச்சையாக நின்றது. “வயக்காட்டுல பொதைச்சா நெல்லு போடுததுக்கு எடம் போயிரும்லா சார்” என்றான்.